பொன்னுக்குப் புள்ளி

பொருள் சேர்ந்தால் அனுபவம் கூடுமா? கூடும் என்று விதி வகுத்த ஒரு விளையாட்டின் வரலாற்றை இங்கே காண்போம். இலக்கியம் பேசும் இடத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பலர் கூடிக் கதை புனையும் விளையாட்டு இது. அந்தக் கதை எப்படிப்பட்டதாக அமையும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு விதியே தீர்மானித்தது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் இயற்றிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற ஊரிலிருந்து வெளிவந்தது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் நடத்துநர், நிலவறைகளையும் அங்கு உறையும் அரக்கரையும் அவர் விவரிப்பார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரமேற்றுத் தாம் செய்வதைச் சொல்வர். ஐயத்தைப் பகடை தீர்க்கும். பாத்திரத்தின் வளர்ச்சியை அளக்க அனுபவப் புள்ளிகள் உண்டு.

அப்புள்ளிகள் எதற்கு வழங்கப்பட்டன என்பதே நம் பொருள். வென்று கொணரும் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. முதற்பதிப்பு தரும் எடுத்துக்காட்டிலேயே, டிரோல் என்னும் அரக்கனைக் கொன்றதற்கு 700. அவன் காத்த புதையலுக்கு 7,000. அடுத்த ஆண்டே 'கிரேஹாக்' என்ற துணைநூல் கொலைக்குரிய புள்ளிகளை மேலும் குறைத்தது. 1981ஆம் ஆண்டின் தொடக்கநிலைப் பதிப்பில் ஒரு வீரன் இரண்டாம் படிக்கு ஏற 2,000 புள்ளிகள் வேண்டும். ஓர் ஆர்க்கைக் கொன்றால் கிடைப்பதோ 10. கொன்றே உயர நினைப்பவன் தன்னந்தனியாக இருநூறு பேரைக் கொல்ல வேண்டும்.

இதன் விளைவு வியப்புக்குரியது. மேலோட்டமாகப் பார்த்தால் பேராசையைப் போற்றும் இவ்விதி, ஆடுவோரைச் சண்டையிலிருந்து விலக்கியது. உறங்கும் அரக்கனை எழுப்பாமல் பேழையைக் கவர்ந்தாலும் அதே புள்ளிதான், உயிருக்கோ ஆபத்தில்லை. எனவே ஒளிந்து செல்வதும் பேரம் பேசுவதும் ஏமாற்றுவதும் வீரத்தினும் மேலாயின. பத்துக் காசு ஒரு பவுண்டு எடை என்பதும் விதி. இரண்டாயிரம் காசைச் சுமக்க ஆளோ கழுதையோ வேண்டும். 1979ஆம் ஆண்டின் நடத்துநர் நூலின்படி, புதையல் நிலவறையை விட்டு வெளியேறினால்தான் கணக்கில் சேரும். திரும்பும் வழியும் கதையாயிற்று.

ஆர்னசன் தம் 'பிளாக்மூர்' ஆட்டத்தில் வேறொரு வழி கண்டார். அங்கே பொன்னைச் சேர்த்தால் போதாது. பாத்திரம் தன் நாட்டத்துக்கேற்பச் செலவழித்தால்தான் புள்ளி. 1977இல் அச்சேறிய அவரது குறிப்புகளில் இதைக் காணலாம். ஒருவன் பொன்னை எதில் செலவிடுகிறான் என்பதைக் காட்டினாலே அவன் குணம் தெரிந்துவிடுகிறதல்லவா?

பொன் கிடைத்தால் மந்திரம் எப்படிக் கைகூடும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. துறவி வழிபடுவதும் மந்திரவாதி ஏடு பயில்வதுமே இயல்பு என்று கைகாக்ஸ் 1979ஆம் ஆண்டு நூலில் ஒப்புக்கொண்டார். ஆனால் அவ்வாறு அமைத்தால் ஆட்டம் ஓடாது என்பது அவர் வாதம். காலப்போக்கில் ஆடுவோர் தம்மைப் புதையல் தேடிகளாகக் காண விரும்பவில்லை. காவிய நாயகர்களாக விரும்பினர். 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி விருப்ப விதியாயிற்று. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அறவே மறைந்தது. இடர்களை வெல்வதற்கே புள்ளி. பல மேசைகளில் அது அரக்கரைக் கொல்வது என்றே பொருள்பட்டது. பேராசை போயிற்று, வாள் முன்னே வந்தது. 2006 முதல் 'ஆஸ்ரிக்' போன்ற நூல்கள் வழியே பழைய விதியை மீட்டெடுத்தோர் தேடியது அந்தத் தந்திரக் கதைகளைத்தான்.

விதி எழுதியவரின் நோக்கம் என்னவாயினும், ஆடுபவர் பார்ப்பது எதற்குப் புள்ளி என்பதையே. இதை விளையாட்டென்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. நாவலை வாசித்து வரச் சொல்கிறோம். தேர்விலோ கதைச் சுருக்கத்துக்கு மதிப்பெண் தருகிறோம். மாணவர்கள் கையேட்டை வாங்கிப் படிக்கிறார்கள். வாசிப்பில்லை என்று ஆசிரியர் அறையில் அமர்ந்து வருந்துமுன், நாம் அமைத்த கேள்வித்தாளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.