மறைந்திருந்த பலகையும் நாம் கட்டிய தண்டமும்



சென்ற வாரம் பாடசாலை விட்டு நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் வழமைபோலத் திரும்பினோம். பாதித் தூரம் போயிருப்போம், எதிரே ஒரு முச்சக்கர வண்டி. அதன் சாரதி சடாரென்று பிரேக் போட்டார். உள்ளே சீருடையுடன் நான்கைந்து சின்னப் பிள்ளைகள். இரண்டு வண்டிக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒழுங்கையின் மறுமுனையில் போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் நின்றார். "சேர், இது இப்ப ஒருவழிப் பாதை. போர்ட் பார்க்கல்லயா?" என்று கேட்டார். சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டை எழுதித் தந்தார்.

எங்களுக்குக் கோபம். திரும்பிப் போய்ப் பார்த்தோம். பலகை இருந்தது. சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைப் பட்டை, உட்செல்லத் தடை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய பதாகை. வீதியில் இருந்து பார்த்தால் கம்பத்தின் கால் மட்டும்தான் தெரிந்தது.

அது யாருடைய பதாகை என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்குத் தண்டம் எழுதினால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் படாத சட்டத்தை மீறியவர் குற்றவாளியா? இந்தக் கேள்வி மோட்டார் வண்டியை விட மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியின் சாதாரண மக்கள், சட்டத்தை எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள் என்று போராடினார்கள். அதுவரை சட்டம் என்ன என்பது பிரபுக்களுக்கும் குருமாருக்கும் மட்டும் தெரிந்த விடயமாக இருந்தது. அந்தப் போராட்டத்தின் பலன்தான் பன்னிரண்டு பலகைச் சட்டங்கள். அவற்றைப் பொதுச் சதுக்கத்தில் வைத்தார்கள்.

அதே உரோமை, கி.பி. 37 முதல் 41 வரை கலிகுலா என்ற பேரரசன் ஆண்டான். அவனைப் பற்றி வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். கலிகுலா புதிய வரிகளை விதித்தான், ஆனால் எழுத்தில் வெளியிடவில்லை. தெரியாமலே பலர் குற்றவாளிகள் ஆனார்கள். சட்டத்தைக் காட்டுங்கள் என்று மக்கள் கேட்டபோது காட்டினான். எப்படி? மிகச் சிறிய எழுத்தில், மிக ஒடுக்கமான இடத்தில், யாரும் பிரதி எடுக்க முடியாதபடி. பலகை இருக்கிறது, ஆனால் இல்லை. எங்கள் ஒழுங்கைக் கதை கிட்டத்தட்ட 2,000 வருடம் பழையது என்று அப்போதுதான் விளங்கியது.

அறிவிக்காமல் தண்டிப்பது நீதி அல்ல என்பது நமது மார்க்கமும் கற்றுத்தந்த அடிப்படை. ஓதல் பள்ளிக்குப் போன ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

இனி வீதிக்கு வருவோம். குதிரை இல்லாத வண்டிகள் இங்கிலாந்தின் வீதிகளில் ஓடத் தொடங்கியபோது எச்சரிக்கைப் பலகை என்பது ஒரு மனிதன்தான். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து போக வேண்டும். ஊருக்குள் வேகம் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். கொடி பற்றிய விதி பின்னர் தளர்ந்தாலும் முன்னால் ஆள் நடக்கும் விதி நீடித்தது. 1896 ஜனவரி 28 அன்று கென்ட் பகுதியில் வோல்டர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் போனார். ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் 5 மைல் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கான தண்டம் 1 ஷிலிங். அதே வருடம் நவம்பரில் சட்டம் மாறியது. வேக எல்லை 14 மைலாக உயர்ந்தது, முன்னால் நடக்கும் மனிதர் போய்விட்டார்.

அவர் போனதும் புதிய பிரச்சினை வந்தது. எந்த இடத்தில் என்ன விதி என்பதைச் சாரதிக்கு யார் சொல்வது? 1903இல் வேக எல்லை 20 மைலானது. பொலிஸார் வேலிப் பற்றைகளுக்குள் ஒளிந்திருந்து, நிறுத்தற் கடிகாரம் வைத்து வேகத்தைக் கணக்கிட்டுப் பிடித்தார்கள். 1905இல் சாரதிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். சங்கத்தின் ஆட்கள் சைக்கிளில் வீதியோரம் நின்று, முன்னால் பொலிஸ் இருக்கிறது என்று எச்சரித்தார்கள். இப்படி எச்சரிப்பது கடமைக்கு இடையூறு என்று 1910இல் நீதிமன்றம் சொன்னது. சங்கம் வேறு வழி கண்டது. சங்கச் சின்னம் பொருத்திய வண்டி போகும்போது அவர்கள் சல்யூட் அடிப்பார்கள். ஒருநாள் சல்யூட் வராவிட்டால், முன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்! சும்மா நின்ற மனிதரை யாரும் குற்றம் சாட்ட முடியாதுதானே.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதே சங்கம் ஆபத்தான வளைவுகளிலும் சந்திகளிலும் தானாகவே பலகை நாட்டியது. பொலிஸிலிருந்து தப்புவதற்குச் சேர்ந்தவர்கள், பிறர் உயிர் தப்புவதற்கும் பலகை நாட்டினார்கள். இதை நாம் மறக்கக்கூடாது.

1909இல் பரிஸில் ஐரோப்பிய நாடுகள் சில கூடி, எல்லோருக்கும் பொதுவான நான்கு குறிகளை ஏற்றன. வீதியில் மேடு, வளைவு, சந்தி, புகையிரதக் கடவை. நான்கும் படங்கள். படம் என்றால் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். 1968இல் வியன்னாவில் செய்த உடன்படிக்கை இன்னொரு படி மேலே போனது. சாரதி இலகுவாகவும் உரிய நேரத்திலும் கண்டுகொள்ளும்படி குறிகள் நிற்க வேண்டும் என்றது. இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டம், வேக எல்லைப் பலகை தேவைப்படும் வீதியில் அது முறையாக இல்லாவிட்டால் அந்த எல்லையை மீறியதாகச் சாரதியைத் தண்டிக்க முடியாது என்கிறது. கம்பத்தை நாட்டியதோடு அதிகாரியின் கடமை முடிவதில்லை, அது கண்ணில் படவும் வேண்டும்.

இதுவரை அதிகாரம் மறைத்த கதைகளைத்தான் சொன்னோம். நம் நாட்டில் வேறு இரண்டு விதமாகவும் பலகைகள் மறைந்திருக்கின்றன.

ஒன்று கவனயீனம். சீனக் கடலோடி செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பயணத்தோடு நம் நாட்டுக்கு வந்த கல்வெட்டு ஒன்று 1409ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்டது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரத்துத் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி நமது மார்க்கத்தின் பெயரிலும் காணிக்கைகளைச் சொல்கிறது. வருகிறவர் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் 600 வருடங்களுக்கு முன்பே இருந்தது. அந்தக் கல் 1911இல் எங்கே கிடைத்தது தெரியுமா? காலி நகரில், வீதியோர மதகொன்றில். யாரோ ஒருவருக்கு அது வெறும் நல்ல பலகைக்கல்லாக மட்டும் தெரிந்திருக்கிறது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்க்கலாம்.

மற்றது மொழி. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. வாசிக்கத் தெரியாத மொழியில் மட்டும் எழுதிய பலகை, கண்முன் நின்றாலும் மறைந்த பலகைதான். பின்னர் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1958இல் வடக்கில் அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அந்த வருடம் மே மாதம் பலகையில் நிற்கவில்லை, மனிதர்கள் செத்தார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இன்றும் சில அரச பலகைகளில் தமிழ் பிழையாகக் கிடக்கும்போது படம் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறோம். சிரிக்கும் விடயம் அல்ல அது. பிழையான எழுத்தும் பலகையை மறைக்கும்.

சரி, எங்கள் ஒழுங்கைக்கு வருவோம். அந்தப் பதாகை எங்கள் பாடசாலையுடையது. பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளை வாழ்த்திக் கட்டியது. அதைக் கட்டும்போது கீழே நின்று, "இன்னும் மேலே இழுங்க, எல்லாருக்கும் தெரியணும்" என்று சொன்னவர்களும் நாங்கள் இருவர்தான். ஏணியில் நின்ற உயர்தர மாணவர் ஒருவர், "சேர், இதில ஒரு போர்ட் இருக்குது" என்றார். என்ன போர்ட் என்றுகூட நாம் கேட்கவில்லை. "பரவாயில்ல, ரெண்டு நாளைக்குத்தானே" என்றோம். இரண்டு நாள் இரண்டு மாதம் ஆனது.

தண்டத்தை ஏற்காவிட்டால் நீதவான் முன் போய் நம் பக்கத்தைச் சொல்ல வழியுண்டு. பலகை உண்மையிலேயே மறைந்திருந்தால் அன்றே படம் எடுத்து வையுங்கள், அது உங்கள் உரிமை. அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் எந்த முகத்தோடு போவது? தபாலகத்தில் வரிசையில் நின்று கட்டினோம். காசு போனது பெரிதில்லை. அந்த முச்சக்கர வண்டிச் சாரதி ஒரு கணம் பிந்தியிருந்தால் என்ற நினைப்புத்தான் இன்னும் நித்திரையைக் கெடுக்கிறது. அதில் இருந்த பிள்ளைகளும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள்தான்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு போய்ப் பதாகையைக் கழற்றினோம். அந்த மாணவரையும் கூப்பிட்டு, "நீங்கள் சொன்னது சரி, நாங்கள்தான் கேட்கவில்லை" என்று மன்னிப்புக் கேட்டோம். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஊர் மக்களிடம் ஒரு வேண்டுகோள். மரண அறிவித்தலோ, பட்டமளிப்பு விழாவோ, விளையாட்டுப் போட்டியோ, தேர்தலோ, எதற்குப் பதாகை கட்டினாலும் வீதிப் பலகையின் கம்பத்தை விட்டுவிடுங்கள். உங்கள் மதிலோரத்து மரக்கிளை பலகையை மூடியிருந்தால் வெட்டிவிடுங்கள். வெட்ட முடியாத இடம் என்றால் படத்தோடு பிரதேச சபைக்கு எழுதுங்கள், கடிதம் எழுத நாம் உதவுகிறோம். பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவது நன்மை என்று சிறுவயதில் படித்தோம். முள்ளைப் போட்டவர்களே நாமாக இருந்தால் அதை எடுப்பது நன்மை மட்டுமல்ல, கடமை.

உங்கள் தெருவில் மறைந்திருக்கும் பலகை இருந்தால் கீழே இடத்தைக் குறிப்பிடுங்கள். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஏணியோடு வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.