இல்லாமல் போன படிக்கட்டு

லண்டனில் கிரீன் பார்க் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் அல்பெமார்ல் தெரு வரும். அங்கே 21ஆம் இலக்கத்தில், முன்பக்கம் முழுக்கப் பெரிய தூண்களோடு ஒரு கட்டடம் நிற்கிறது. அதன் பெயர் ராயல் இன்ஸ்டிடியூஷன். ஒவ்வொரு கிறிஸ்மஸ் காலத்திலும் பிள்ளைகளுக்கென்று பிபிசியில் ஒரு விஞ்ஞான நிகழ்ச்சி போகும், பார்த்திருப்பீர்கள். மேசை நிறையக் கண்ணாடிக் குடுவைகள், நடுவில் ஒரு விஞ்ஞானி, சுற்றிவரப் படிபடியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அந்த நிகழ்ச்சி பிறந்த இடம் இதுதான்.

இந்தக் கட்டடத்தில் ஒரு காலத்தில் ஒரு கல் படிக்கட்டு இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டு போனால், விஞ்ஞானம் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வியில் போய் நிற்போம்.

1799 மார்ச் 7ஆம் திகதி லண்டனில் பணமும் செல்வாக்கும் உள்ள சிலர் ஒரு வீட்டில் கூடினார்கள். ஜோசப் பேங்க்ஸ் என்ற தாவரவியலாளரின் வீடு அது. திட்டம் போட்டவர் கவுன்ட் ரம்ஃபோர்ட். உணவு, அடுப்பு, வெப்பம் பற்றியெல்லாம் ஆராய்ந்தவர். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பொறிகளையும் விஞ்ஞான அறிவையும் சாதாரண வாழ்க்கைக்குப் பயன்படும் விதத்தில் பரப்ப ஒரு நிலையம் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பேச்சு மட்டும் போதாது, பரிசோதனையைச் செய்து காட்டவும் வேண்டும் என்றார்.

கட்டட வேலையைக் கவனித்தவர் தோமஸ் வெப்ஸ்டர் என்ற இளைஞர். கொத்தனார், தச்சர், கொல்லர் போன்ற கைத்தொழிலாளர்களுக்கு அங்கே ஒரு பள்ளி நடத்த அவர் ஆசைப்பட்டார். சொற்பொழிவு மண்டபத்தின் மேல்தட்டில் அவர்கள் உட்கார இடம் ஒதுக்கினார். தெருவிலிருந்து நேராக அந்த மேல்தட்டுக்கு ஏறத் தனியாக ஒரு கல் படிக்கட்டும் கட்டினார். பட்டு உடுத்தியவர்களும் வேலை உடுப்புக்காரரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளக் கூடாது என்ற அந்தக் காலத்து எண்ணம் அதில் இருக்கிறது. ஆனாலும், ஏழைக்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

அந்தத் திட்டம் சில வருடங்கள்கூடத் தாங்கவில்லை. கீழ்மட்டத்து மக்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்க உமக்கு என்ன துணிச்சல் என்று பெரிய மனிதர்கள் தன்னைக் கேட்டதாக வெப்ஸ்டர் பின்னாளில் எழுதினார். இது அரசியல் ரீதியில் ஆபத்தானது, சத்தம் போடாமல் கைவிட்டுவிட வேண்டும் என்று முடிவானது. படிக்கட்டு எடுக்கப்பட்டது.

விஞ்ஞானத்தில் என்ன ஆபத்து? அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1789இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. ராஜாவின் தலையே போனது. இங்கிலாந்தின் பணக்காரர்களுக்கு அந்தப் பயம் இருந்தது. படிக்கத் தொடங்கும் தொழிலாளி கேள்வி கேட்பான். மெழுகுதிரி ஏன் எரிகிறது என்று கேட்பவன், என் கூலி ஏன் இவ்வளவு குறைவு என்றும் ஒரு நாள் கேட்பான். அவர்கள் பயந்தது அதற்குத்தான்.

படிக்கட்டு போனாலும் மண்டபம் நிறைந்துதான் இருந்தது. 1801இல் ஹம்ஃப்ரி டேவி என்ற 22 வயது இளைஞர் அங்கே பேச வந்தார். நெருப்பும் புகையும் தீப்பொறியுமாக அவர் காட்டிய இரசாயனப் பரிசோதனைகளைப் பார்க்க லண்டனின் வசதியான குடும்பங்கள் குதிரை வண்டிகளில் வந்து குவிந்தன. நெரிசலைச் சமாளிக்க அல்பெமார்ல் தெருவை ஒருவழிப் பாதையாக்கினார்கள். லண்டனின் முதல் ஒருவழித் தெரு அதுதான் என்று சொல்வார்கள்.

வந்தவர்களில் பெண்களும் நிறையப் பேர். பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்காத காலம் அது. ஜேன் மார்செட் என்ற பெண் டேவியின் பேச்சுகளைக் கேட்டார். கேட்டதைத் தோழியோடு பேசிப் பார்த்தபோதுதான் நன்றாக விளங்கியதாம். அதனால் ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் உரையாடுவது போல இரசாயனம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதல் பதிப்பில் அவர் பெயர் இல்லை.

அந்தப் புத்தகம் ஒரு பையனின் கையில் கிடைத்தது. அவன் அதை வாங்கவில்லை. புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த அவனுக்கு, கட்ட வரும் புத்தகங்களை வாசிக்கும் பழக்கம் இருந்தது. அவன் பெயர் மைக்கேல் ஃபாரடே.

ஃபாரடேயின் அப்பா இரும்புக் கொல்லர். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கோடு நின்றது. 14 வயதில் புத்தகக் கடையில் சேர்ந்தான். ஒரு நாள் தெருவில், விஞ்ஞானச் சொற்பொழிவு பற்றிய அறிவித்தலைப் பார்த்தான். ஜோன் டேட்டம் என்பவர் தன் வீட்டிலேயே மாலை நேரத்தில் நடத்தியவை அவை. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். தம்பியிடம் அந்த ஒரு ஷில்லிங்கும் இல்லை. அப்பாவைப் போலவே கொல்லு வேலை செய்த அண்ணன் ரொபர்ட் கொடுத்தார். ஃபாரடே ஒவ்வொரு பேச்சையும் குறிப்பெடுத்தான். கருவிகளின் படங்களைச் சரியாக வரைவதற்காக, கடைக்கு மேலே தங்கியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் வரையப் பழகினான்.

1812இல் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், டேவியின் கடைசி நான்கு பேச்சுகளுக்கான அனுமதிச் சீட்டுகளை அவனுக்குக் கொடுத்தார். 20 வயதுக் கொல்லர் மகன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்குள் போனான். மேல்தட்டில், மணிக்கூட்டுக்கு மேலே உட்கார்ந்து கேட்டான். தொழிலாளர்களுக்காக வெப்ஸ்டர் ஒதுக்கிய அதே மேல்தட்டு. அங்கே ஏறும் தெருப் படிக்கட்டு இல்லாத காலத்தில், இன்னொருவர் கொடுத்த சீட்டால் அவன் அங்கே போய்ச் சேர்ந்தான்.

கேட்டதையெல்லாம் சுத்தமாக எழுதி, படம் வரைந்து, தானே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினான். 1813 மார்ச்சில் அங்கே ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. மீதிக் கதை உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் அவர்தான். உங்கள் வீட்டுக்கு மின்சாரம் தரும் பெரும்பாலான மின்பிறப்பாக்கிகள் அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

கேட்டுப் படித்த ஃபாரடே, பிறகு மற்றவர்கள் கேட்கப் பேசினார். 1825இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இரண்டு வழக்கங்கள் தொடங்கின. ஒன்று வெள்ளிக்கிழமை மாலைப் பேச்சு. இன்னொன்று இளையவர்களுக்கான கிறிஸ்மஸ் சொற்பொழிவு. முதல் கிறிஸ்மஸ் சொற்பொழிவைச் செய்தவர் ஜோன் மில்லிங்டன். 1827க்கும் 1860க்கும் இடையில் 19 தடவை ஃபாரடே அதைச் செய்தார். நன்றாகப் பேசுவதற்கென்று தனியாக ஓர் ஆசிரியரிடம் பயிற்சியும் எடுத்தார்.

அவற்றில் மிகவும் பெயர் பெற்றது மெழுகுதிரி பற்றிய ஆறு பேச்சுகள். எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு மெழுகுதிரியை வைத்துக்கொண்டு, அதன் வழியே விஞ்ஞானம் முழுவதற்குள்ளும் போகலாம் என்று அவர் காட்டினார். திரியைச் சுற்றி மெழுகு ஒரு கிண்ணம் போல உருகி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சூடான காற்று மேலே போக, பக்கத்திலிருந்து வரும் குளிர்ந்த காற்று விளிம்பை உருகவிடாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் கிண்ணம். சுவாலையின் நடுவில் உள்ள இருண்ட பகுதிக்குள் ஒரு கண்ணாடிக் குழாயின் முனையை வைத்தால், மறுமுனையால் வெள்ளை ஆவி வரும். அதைப் பற்றவைக்கலாம். அதாவது எரிவது மெழுகின் ஆவி. குளிர்ந்த பாத்திரத்தைச் சுவாலைக்கு மேலே பிடித்தால் நீர்த்துளிகள் படியும். நெருப்பிலிருந்து தண்ணீர்! கடைசிப் பேச்சில், மெழுகுதிரி காற்றை எடுத்துக் கரியமில வாயுவை விடுவதும் நாம் மூச்சு விடுவதும் ஒரே மாதிரியான செயல்தான் என்று கொண்டுவந்து முடித்தார். இந்தப் பேச்சுகள் 1861இல் புத்தகமாக வந்தன.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் கிறிஸ்மஸ் சொற்பொழிவுகளும் இலவசமல்ல. 1855இல் ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் தன் இரண்டு மகன்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அதை ஓவியமாகவும் வரைந்தார்கள். ஃபாரடே சிறுவனாக இருந்தபோது இருந்த மாதிரியான ஒரு பிள்ளைக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்திருக்குமா?

வழி அடைபட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. கிளாஸ்கோவில் ஜோர்ஜ் பேர்க்பெக் என்ற மருத்துவர், தன் கருவிகளைச் செய்துதந்த தொழிலாளர்களின் ஆர்வத்தைப் பார்த்துவிட்டு, 1800இல் அவர்களுக்கென்று சனிக்கிழமைகளில் இலவசமாகப் பேசத் தொடங்கினார். முதல் நாள் 75 பேர். நான்காவது கூட்டத்துக்கு 500 பேர். 1823இல் லண்டனிலும் தொழிலாளர்களுக்கான நிலையம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கியது. 1830இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இன்று அது பேர்க்பெக் பல்கலைக்கழகக் கல்லூரி. இப்போதும் பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் வகுப்பு நடத்துகிறது.

இந்தக் கதையின் ஒரு கிளை எங்கள் பக்கமும் வருகிறது. கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், ராயல் இன்ஸ்டிடியூஷனை முன்மாதிரியாக வைத்து, 1876இல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். பொதுமக்களுக்குப் பேச்சு, கூடவே இந்தியர்களே ஆராய்ச்சி செய்ய ஓர் இடம். ஆங்கில அரசின் கீழ் இருந்த இந்தியர்கள் தங்கள் நன்கொடையில், தங்கள் நிர்வாகத்தில் விஞ்ஞானம் செய்யவேண்டும் என்பது அவர் பிடிவாதம். பேச்சுகள் நடந்தன. ஆனால் முழு மனதோடு ஆராய்ச்சிக்கு வர ஆள் கிடைக்கவில்லை. அந்த மனக்குறையோடுதான் 1904இல் சர்க்கார் காலமானார்.

மூன்று வருடம் கழித்து, திருச்சியில் பிறந்த ஒரு 18 வயது இளைஞர் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெரு 210ஆம் இலக்கத்தில் அந்தக் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு காலையில் அலுவலகத்துக்கு முன்பும், மாலையில் அலுவலகத்துக்குப் பின்பும் அங்கேதான் வேலை. அவர்தான் சி. வி. ராமன். 1928 பெப்ரவரி 28ஆம் திகதி, அதே கட்டடத்தில், கே. எஸ். கிருஷ்ணன் கூட உழைக்க, ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. 1930இல் நோபல் பரிசு. சர்க்கார் கட்டிவைத்த வீட்டுக்கு ஆள் வர 31 வருடம் பிடித்தது. கதவு திறக்க இடமிருந்ததால்தான் ராமன் உள்ளே போனார்.

மண்டபமே தேவையில்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. 1900ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நாளில், அமெரிக்காவின் ஃபிராங்க் சாப்மன், பறவைகளைச் சுடும் பழைய விளையாட்டுக்குப் பதிலாக அவற்றை எண்ணுவோம் என்று அழைத்தார். 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். டொரொன்டோவும் அந்த இடங்களில் ஒன்று. பிரிட்டனில் 1979 முதல் ஜனவரிக் கடைசியில் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. முதலில் அது பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகிறார்கள். ஒரு மணி நேரம் யன்னலடியில் உட்கார்ந்தாலும் போதும், நீங்கள் எழுதும் எண்ணிக்கை உண்மையான ஆராய்ச்சியில் சேர்கிறது.

இன்று உங்கள் ஊர் நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் இப்படிப்பட்ட பேச்சுகள் நடக்கும். தொலைநோக்கியோடு யாராவது பூங்காவில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் நிலவைக் காட்டுவார்கள். பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே இருக்காது. ஆனாலும், இது எங்களுக்கில்லை என்று நினைத்து வாசலிலேயே திரும்பிவிடும் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். பஸ் காசு இல்லாத பிள்ளை இருக்கிறது. அந்த மண்டபத்தில் தன்னைப் போல ஒரு முகம்கூட இல்லை என்று தயங்கும் பிள்ளை இருக்கிறது. எடுத்துப் போன கல்லைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும், ஏறக் கஷ்டமாக இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போகும்போது, நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோங்கள். கேள்வி ஒன்றும் கேளுங்கள். வகுப்பிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரொபர்ட் ஃபாரடே தம்பிக்குக் கொடுத்தது ஒரு ஷில்லிங்தான்.