நடுகல்

ஆநிரைப் பூசலிலோ, போரிலோ, ஊருக்குள் புகுந்த கொடிய விலங்கோடு பொருதோ உயிர்விட்டவரின் பெயரையும் செயலையும் பொறித்து நட்டு, படையலிட்டு வழிபடப்படும் கல் நடுகல் எனப்படும். வீரக்கல், பட்டான் கல் என்னும் பெயர்களும் இதற்கு உண்டு. பட்டான் என்பது போரில் வீழ்ந்து இறந்தான் என்று பொருள்படும் வழக்காகும். ஒருவரை வீரர் என்று ஒரு சமூகம் எப்போது, எதற்காக, யார் வாயால் அழைத்தது என்னும் வினாவுக்குப் புலவர் பாடல்களைவிட இக்கற்கள் நேரான விடை தருகின்றன. ஏனெனில் பாடல் பெரும்பாலும் பரிசில் தரும் புரவலனை முன்னிட்டு எழுந்தது, கல்லோ எதையும் திருப்பித் தர இயலாத இறந்தவருக்காக நடப்பட்டது.

தொல்காப்பியப் புறத்திணையியல் கல்லெடுக்கும் முறையை ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி. அதனைக் கொள்ளத் தொடங்குவது கால்கோள். நீராட்டித் தூய்மை செய்வது நீர்ப்படை. அதன்பின் நடுதலும், சிறப்புச் செய்து படைக்கும் பெரும்படையும், இறுதியாக வாழ்த்தலும் இடம்பெறும். பகைப்புலத்து ஆநிரையைக் கவர்வதைப் பாடும் வெட்சித்திணையின் பகுதியாகவே இந்த ஆறும் அந்நூலில் வைக்கப்பட்டுள்ளன. கவரப்பட்ட நிரையை மீட்பதாகிய கரந்தையையும் தொல்காப்பியர் வெட்சிக்குள்ளேயே அடக்கினார். அதனைத் தனித்திணையாகப் பிரித்தது பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை. ஓர் ஊரின் மாடுகளை ஓட்டிச் சென்றபோது இறந்தவனையும், அவற்றை மீட்கப் போய் இறந்தவனையும் இலக்கணம் ஒரே நிரலில் வைத்தது இன்றைய வாசகருக்கு நெருடலாக இருக்கக்கூடும். ஆயினும் அன்றைய வரையறை செயலின் நேர்மையைப் பொதுவான ஒரு தராசில் நிறுக்கவில்லை. எந்த ஊருக்காக அவன் இறந்தானோ அந்த ஊர் அவனுக்குக் கடன்பட்டது என்பதையே அது கணக்கில் கொண்டது.

போர்க்களத்துக்கு வெளியிலும் கல் நடப்பட்டமைக்குச் சங்க இலக்கியத்திலேயே சான்று உள்ளது. தன் புதல்வரோடு ஏற்பட்ட பகையின் பின் வடக்கிருந்து, அதாவது வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பால் உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனுக்கு நடுகல் எடுக்கப்பட்டதைப் புறநானூறு காட்டுகிறது. சிலப்பதிகாரமோ இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. அதன் வஞ்சிக்காண்டத்துக் காதைகளுள் ஆறு காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து, வரந்தரு காதை எனப் பெயர் பெற்றுள்ளன. இவற்றுள் முதல் ஐந்தும் வெட்சி மறவனுக்கு உரிய சடங்கின் பெயர்களேயாகும். ஆயுதம் ஏந்தாமல் அரசவையில் நின்று வழக்குரைத்த ஒரு வணிகக் குடிப் பெண்ணுக்கு மறவர்க்குரிய வரிசையை அப்படியே வழங்கி, அவளுக்காகச் சேரன் செங்குட்டுவனை இமயம் வரை கல்லெடுக்கச் செலுத்திய இளங்கோவடிகளின் அமைப்பைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

கல்லில் பெயரும் பெருமையும் எழுதப்பட்டதைச் சங்கப் பாடல்கள் கூறினாலும், அவற்றுக்கு ஈடான எழுத்துடைய பழங்கற்கள் நெடுங்காலம் கிடைக்காமலே இருந்தன. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மூன்று கற்களைக் கண்டறிந்தனர். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாக அறிஞர் கருதும் இக்கற்களில் உருவச் சிற்பம் இல்லை. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்தல் தொடர்பான பூசலில், இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு உரியது. அவன் நிரை கவர வந்தவனா, காத்து நின்றவனா என்பதைக் கல் சொல்லவில்லை. அதை நட்டவர்களுக்கு அது தெரிந்திருந்ததால் சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை போலும்.

நடுகற்கள் மிகுதியாகக் கிடைப்பது காவிரிப் படுகையில் அன்று, திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்திலும் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களிலும்தான். மேய்ச்சல் நிலமும் புன்செயும் நிறைந்த இம்மேட்டு நிலத்தில் மாடே செல்வம்; பல்லவர், கங்கர், வாணர் ஆகியோரின் ஆட்சி எல்லைகள் உரசிக்கொண்ட பகுதியாகவும் அது இருந்தமையால், நிரை கவர்தல் பெரும்போரின் முன்னோட்டமாகவும் சில்லறைக் கொள்ளையாகவும் ஓயாது நிகழ்ந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல், வட்டெழுத்தில் அமைந்த இக்கல்வெட்டுகளைப் பரவலாக அறியச் செய்தது. ஆளும் மன்னனின் ஆட்சியாண்டு, அவனுக்குட்பட்ட தலைவனின் பெயர், இறந்தவன் யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை, அதாவது எந்த மாட்டு மந்தையை, முன்னிட்டுப் பட்டான் என்பதே இவற்றின் வாய்பாடு. மெய்க்கீர்த்திகளில் அரசர்க்கு வரி வரியாகக் குவியும் அடைமொழிகளுள் ஒன்றைக்கூட இக்கற்களின் நாயகர்களுக்குப் பெரும்பாலும் காண முடிவதில்லை.

எடுத்தனூர்க் கல் இவ்வகையில் தனித்துக் குறிப்பிடத்தக்கது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில், எருமைகளைக் காக்கப் பொருது இறந்த கருந்தேவக்கத்தி என்னும் இளைஞனின் உருவத்துக்கு அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைத் தனியே பொறித்த வரிகள் தெரிவிக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டையிட்ட சேவல் ஒன்றுக்கும் கல் உண்டு. கன்னட நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது: 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரைக் குறிப்பிடும் ஆதகூர்க் கல், காட்டுப் பன்றியோடு பொருது மடிந்த காளி என்னும் நாய்க்காக எடுக்கப்பட்டதாகும். குடிப்பிறப்போ கல்வியோ பதவியோ கல் பெறும் தகுதிக்கு முன்நிபந்தனையாக இருக்கவில்லை என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இறந்தவரின் குடும்பத்துக்கு ஊரோ தலைவனோ நிலம் வழங்கியதும் உண்டு. உதிரப்பட்டி, இரத்தக்காணி எனப் பெயர் பெற்ற இந்நிலக்கொடை, புகழ்மொழியோடு கடமை முடிந்துவிட்டதாக அச்சமூகம் கருதவில்லை என்பதைக் காட்டுகிறது. அரசர்க்கு நினைவுச்சின்னம் வேறு வகையினது. அரிஞ்சய சோழனுக்காக முதலாம் இராசராசன் மேல்பாடியில் எழுப்பிய கோயிலைப் போன்ற பள்ளிப்படைகள், இறந்தவனின் செயலைவிட எடுப்பித்தவனின் மரபுரிமையையே ஓங்கிச் சொல்கின்றன.

பிற்காலத்தில் எழுத்து அருகி, சிற்பம் பெருகிற்று. புலியோடு பொருதவனைக் காட்டும் புலிக்குத்திக் கல், பன்றியோடு பொருதவனைக் காட்டும் பன்றிக்குத்திக் கல், வேண்டுதலுக்காகத் தன் தலையைத் தானே அரிந்தவனைக் காட்டும் அரிகண்டக் கல், கணவனோடு தீப்பாய்ந்தவளுக்கு உரிய சதிக்கல் எனப் பல வகைகள் தோன்றின. இவற்றுள் சதிக்கல்லை வீரத்தின் கணக்கில் சேர்ப்பது, அச்சாவின் பின்னிருந்த நெருக்குதலை மறைத்துவிடும். வடமாவட்டங்களில் பல நடுகற்கள் இன்று வேடியப்பன் என்னும் தெய்வமாக வழிபடப்படுகின்றன. எண்ணெய்ப் பூச்சுக்கும் சுண்ணாம்புக்கும் அடியில் இருக்கும் மனிதப் பெயரை வழிபடுவோர் அறியாதிருப்பது அங்கு இயல்பான நிலையாகும்.

நடுகல் என்னும் சொல் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் மீண்டும் நடப்பு வழக்கானது. தமிழீழ விடுதலைப் புலிகள் அமைத்த துயிலும் இல்லங்களில், உடல் கிடைக்காத போராளிகளுக்கு எழுப்பிய நினைவுக்கற்கள் அப்பெயரால் அழைக்கப்பட்டன. 1989 முதல் நவம்பர் 27 மாவீரர் நாளாக நினைவுகூரப்பட்டது. புலிகளுக்கும் இலங்கை அரசுப் படைக்கும் நடந்த அதே போரில் 1991இல் ஆனையிறவில் புலிகளின் கவசமிட்ட வாகனத்தைத் தகர்த்து இறந்த படைவீரர் காமினி குலரத்தினவைத் தென்னிலங்கை வீரராகக் கொண்டாடியது. 2009இல் போர் முடிந்தபின் துயிலும் இல்லங்கள் படையினரால் இடித்து மட்டமாக்கப்பட்டன; ஆனையிறவில் குலரத்தினவுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் தெற்கிலிருந்து வருவோர் கண்டு செல்லும் இடமாக நிற்கிறது.