சபைப் பிரிவும் கல்விப் பணியும்: ஹென்றி டாப்பனின் வரலாறு

ஆசிரியரைத் தெரிந்தெடுக்கையில் அவருடைய புலமையை நோக்குவதா, அவர் சார்ந்த சபையை நோக்குவதா? கல்விப் பணியில் ஈடுபட்ட திருச்சபைகளை விட்டகலாத இவ்வினாவிற்கு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வரலாற்றில் தெளிவான விடை உண்டு. அவ்விடையை அளித்தவர் ஒரு போதகர். அதன் பொருட்டுப் பகையைத் தேடிக்கொண்டவரும் அவரே.

ஹென்றி பிலிப் டாப்பன் 1805ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்திற் பிறந்தார். ஆபர்ன் இறையியற் கல்லூரியிற் பயின்று, போதகராய்ச் சில காலம் பணியாற்றினார். தொண்டை நோயினால் அப்பணியை விட நேர்ந்தது. பின்னர் தத்துவப் பேராசிரியராகி, சித்த சுயாதீனம் பற்றி ஜோனதன் எட்வர்ட்ஸ் எழுதிய நூலை ஆராய்ந்து 1839இல் மறுப்பு நூல் வெளியிட்டார். 1852இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக ஆன் ஆர்பர் நகருக்கு வந்தார்.

அதற்குமுன் அங்கே பேராசிரியர்களே ஆண்டுக்கொருவராக முறைவைத்துத் தலைமைப் பொறுப்பை வகித்தனர். அவர்களுட் பலர் குருமார். பேராசிரியப் பதவிகளைச் சபைப் பிரிவுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கமும் இருந்தது. மாநில மக்கள் அனைவர்க்கும் உரிய நிறுவனத்தில் இம்முறை தகாது என்றார் டாப்பன். பிரஷ்ய நாட்டுக் கல்விமுறையை முன்மாதிரியாகக் கொண்டு, ஆய்வுக்கு முதலிடம் அளித்தார். டெட்ராய்ட் நகரத்தாரின் நன்கொடையால் வானாய்வு நிலையம் எழுந்தது. அதனை நடத்த பெர்லினிலிருந்து புருன்னோ என்னும் அறிஞரை வரவழைத்தார். 1856இல் வேதியியல் ஆய்வுக்கூடமும், 1859இல் சட்டத்துறையும் தோன்றின. அவர் காலத்தில் அங்கு வரலாறு கற்பித்த ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் பின்னாளிற் கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார்.

எனினும் எதிர்ப்பு வளர்ந்தது. எச்சபைக்கும் பாகுபாடு காட்டலாகாது எனக் கருதி, ஞாயிறுதோறும் நகரின் ஆலயங்களுக்கு மாறிமாறிச் சென்று வழிபட்டார் டாப்பன். சபையார் இதனை ஒருமைப்பாடாகக் கொள்ளவில்லை. அவர் தம்மவர் அல்லர் என்றே எண்ணினர். உணவுடன் அவர் திராட்சரசம் அருந்தியமை மதுவிலக்குப் பற்றாளரைப் புண்படுத்தியது. அவரிடத்தும் குறை இல்லாமலில்லை. தம் மேன்மையை உணர்ந்து ஒழுகும் இயல்பினர். ஆட்சிக் குழுவினருடன் இணங்கிப்போக அறியாதவர். 1863 ஜூன் 25 அன்று, பதவிக்காலம் முடியும் தறுவாயிலிருந்த ஆட்சிக் குழு அவரை நீக்கியது. அவர் குடும்பத்துடன் ஐரோப்பா சென்றார். 1875இல் ஆட்சிக் குழு அவர்தம் பணியைப் போற்றித் தீர்மானம் நிறைவேற்றியபோதிலும், அவர் ஆன் ஆர்பருக்குத் திரும்பவேயில்லை. 1881இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரிற் காலமானார்.

அவரை எதிர்த்தோர் அவிசுவாசிகள் அல்லர். பக்தியுள்ள சபையாரும் அவர்களுள் இருந்தனர் என்பதே நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. ஆசிரியர் நியமனக் குழுக்களில் அமரும் நாம், விண்ணப்பதாரரின் பெயரைக் கேட்டவுடன் முதலில் எதனை விசாரிக்கிறோம் என்பதை நம் மனச்சாட்சிக்கு முன்பாகச் சோதித்தறிவோமாக.