துரத்திய தண்ணீர் திரும்பி வந்த கதை

1980 நவம்பரில் ஐபிஎம் நிறுவனம் 3081 என்ற பெருங்கணினியை அறிவித்தது. மின்சாரத்தையும் தண்ணீரையும் பக்கத்தில் வைக்காதே என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஐபிஎம் பொறியாளர்களோ மின்சுற்றுக்கு விரற்கடை தூரத்தில் தண்ணீரை ஓடவிட்டிருந்தார்கள். உள்ளங்கை அகலப் பீங்கான் தட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு சில்லின் முதுகையும் ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டன் தொட்டுக்கொண்டிருந்தது. இடுக்குகளில் ஹீலியம் வாயு. சூடு பிஸ்டன் வழியாக ஏறி, குளிர்ந்த நீர் ஓடும் தட்டில் போய்ச் சேர்ந்தது. ஒரு தொகுதி கக்கிய வெப்பம் சுமார் 300 வாட். கணினியின் எதிர்காலம் இனித் தண்ணீரில்தான் என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகூட ஆயுள் இல்லை.

அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் டக்கர்மேன் என்ற ஆராய்ச்சி மாணவரும் பேராசிரியர் ஃபேபியன் பீஸும் இன்னும் துணிந்து இறங்கினார்கள். சிலிக்கானின் முதுகிலேயே வாய்க்கால் வெட்டினார்கள். ஒவ்வொன்றும் 50 மைக்ரான் அகலம், தலைமுடியைவிடக் குறுகல். வாய்க்கால் குறுகக் குறுகச் சுவரிலிருந்து நீருக்குச் சூடு கடக்க வேண்டிய தூரமும் குறையும். அந்த நீர் சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போனது. கட்டுரையைப் படித்தவர்கள் வியந்தார்கள். கடைக்கு மட்டும் அந்தச் சரக்கு வரவில்லை.

காரணம், சில்லுகளே மாறிக்கொண்டிருந்தன. சூட்டைக் கக்கிய பைபோலார் வகை ஒதுங்கி, சிக்கனமான சீமாஸ் வகை இடத்தைப் பிடித்தது. 1990களின் நடுவில் ஐபிஎம்மே தன் பெருங்கணினிகளைக் காற்றுக்கு மாற்றியது. குழாய்களைப் பிடுங்கிப் போட்டார்கள். துரத்தப்பட்ட தண்ணீர் மறுபடி நுழைந்த வாசல்தான் வேடிக்கை: பழைய கார் உதிரிபாகக் கடை.

1998இல் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவுச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தாய்ப்பலகையில் 66 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்த பஸ் (தரவுத் தடம்) வேகத்தை 100 ஆக்கினால், 300இல் ஓட வேண்டிய சில்லு 450இல் ஓடியது. இலவசமாகப் பாதி வேகம் கூடுதல்! வீட்டிலேயே கணினி கட்டும் இளைஞர்களுக்குப் பித்துப் பிடித்தது. எல்லாச் சில்லையும் இப்படி முடுக்கத் தொடங்கினார்கள். முடுக்கிய சில்லுகள் கொதித்தன, காற்றாடிகள் அலறின. அப்போதுதான் சிலருக்குக் கார் ஹீட்டரின் ஞாபகம் வந்தது. குளிர்நாட்டுக் கார்களில் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர் அது. மலேசியாவின் ஜொகூர் வெயிலில் ஓடும் காருக்கு அப்படி ஒரு பாகம் எதற்கு என்று தோன்றலாம். கணினிச் சூட்டை வெளியே தள்ள அது அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. தண்ணீரைத் தள்ள ஐஹைம் என்ற ஜெர்மானிய மீன்தொட்டிப் பம்ப். சில்லின் தலையில் துளைபோட்ட செப்புக் கட்டி. எல்லாம் ஓடியது, சில வாரங்கள்.

பிறகு வந்தன வினைகள். செப்புக் கட்டியோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தவர்களின் சுற்று மெல்ல மெல்ல மின்கலமாகி, அலுமினியம் அரித்துப்போனது. வெறும் தண்ணீர் ஊற்றியவர்களின் குழாயில் பாசி படர்ந்தது. வளையும் குழாயை மென்மையாக்கச் சேர்த்த ரசாயனம் நீரில் இறங்கி, செப்புத் துடுப்புகளின் இடுக்கில் வெள்ளைக் களிம்பாகப் படிந்தது. கட்டியைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பது பலருக்கு ஆண்டுச் சடங்கானது. பனிக்கட்டி போட்டும் பெல்டியர் தகடு வைத்தும் நீரைக் குளிரவைத்தவர்கள் வேறு வம்பை விலைக்கு வாங்கினார்கள். ஜொகூர் போன்ற ஈரப்பதமான இடத்தில் காற்று சுமார் 24 டிகிரியிலேயே வியர்க்கத் தொடங்கிவிடும். அதற்குக் கீழே குளிர்ந்த குழாயிலிருந்து சொட்டுகிற நீர் நேராகத் தாய்ப்பலகையில்தான் விழும்.

தோல்விகள் ஒவ்வொன்றும் ஒரு பாகத்தைத் திருத்தின. அலுமினியம் வெளியேறியது, காய்ச்சி வடித்த நீரும் பாசிக்கொல்லியும் வந்தன. மீன்தொட்டிப் பம்ப் இருந்த இடத்துக்கு, வீடுகளில் வெந்நீரைச் சுற்றவிட வைத்திருந்த லைங் பம்ப் வந்தது. அதன் சுழலி ஒரு பீங்கான் குண்டின் மேல் உட்கார்ந்து சுழலும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சு இல்லை, ஆகவே கசிய இடமும் இல்லை. கட்டிக்குள்ளே துளைகள் போய் துடுப்புகள் வந்தன, துடுப்புகள் மெலிந்தன, இடைவெளிகள் முடியளவு குறுகின. 1981இல் யாரும் வாங்காத சரக்கு செப்பில் மறுபிறவி எடுத்திருந்தது.

கணக்குப் போடத் தெரிந்தவர்கள் சில மூடநம்பிக்கைகளையும் உடைத்தார்கள். தண்ணீர் முதலில் சில்லுக்கா, கிராஃபிக்ஸ் கார்டுக்கா என்பது பெரிய சண்டை. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் சுற்றில் 300 வாட் வெப்பம் நீரை ஏற்றுவது ஒரு டிகிரியளவுதான். வரிசை எதுவானாலும் ஒன்றுதான். பம்பை விரட்டி ஓட்டுவதிலும் ஓர் எல்லைக்கு மேல் லாபமில்லை. பலன் கொடுத்தது ரேடியேட்டரின் பரப்பு. எவ்வளவு பெரிய ரேடியேட்டரானாலும் அறைக்காற்றின் சூட்டுக்குக் கீழே நீரைக் குளிர்விக்காது. 31 டிகிரி அறையில் இருந்தால் 31தான் தரை.

பெரிய நிறுவனங்களுக்கும் சபலம் தட்டியது. 2003இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஓராண்டில் 3 கிகாஹெர்ட்ஸ் மேக் என்று வாக்குக் கொடுத்தார். 2004இல் வந்தது 2.5தான், அதுவும் உள்ளே திரவக் குளிர்விப்போடு. அந்த வகைக் கணினிகளில் சில பின்னாளில் கசிந்து, தண்ணீர் மறுபடி கெட்ட பெயர் வாங்கியது. காப்பாற்றியது டென்மார்க்கின் ஏசெடெக். 2000இல் ஆண்ட்ரே ஸ்லோத் எரிக்சன் தொடங்கிய இந்நிறுவனம் முதலில் விற்றது குளிர்சாதனப் பெட்டி போலக் கம்ப்ரசர் வைத்த குளிர்விப்பான். பிறகு தண்ணீருக்கு மாறி, தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிய சுற்றைச் செய்தது. 2009இல் கோர்செயர் எச்50 என்ற பெயரில் அது கடைக்கு வந்தபோது, நீர்ச்சுற்றுக்கு வாளியும் ஸ்பேனரும் தேவையில்லாமல் போனது. அடுத்த அழைப்பு வந்த திசையோ கணினிக் கடையே இல்லை.

2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்குத் தற்காலிகமாகக் கதவைச் சாத்தியது. நெரிசல் பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வழிந்தது. அம்மாநிலத்தின் கூலாயில் பவுஸ்டெட் நிறுவனத்தின் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தை ஒய்டிஎல் குழுமம் வாங்கியது. இன்று அது 1,640 ஏக்கர் தரவு மைய வளாகம். 2023 டிசம்பரில் என்விடியாவுடன் 2,000 கோடி ரிங்கிட் திட்டம் அறிவிப்பானது. மறு ஆண்டு மார்ச்சில், அங்கே ஜிபி200 என்விஎல்72 ரேக்குகள் வரும் என்றார்கள். ஒரு ரேக்கில் 72 கிராஃபிக்ஸ் சில்லுகள், சுமார் 120 கிலோவாட் வெப்பம். ஐபிஎம் 3081இன் தொகுதிகள் நானூறு சேர்ந்தால்தான் அவ்வளவு சூடு வரும். அதைக் காற்றால் அள்ள முடியாது. அந்தச் சில்லுகளின் தலையில் உட்காரும் பாகம்தான் துடுப்பு செதுக்கிய செப்புக் கட்டி. அதில் நுழைந்து வெளியேறுவது குழாய்வழித் திரவம். பொழுதுபோக்குக்காரர்கள் பல்துலக்கியால் தேய்த்த அதே வகையறா.

ரேக்குக்குள் சுற்றும் திரவம் தீர்ந்துபோவதில்லை. அந்தச் சூட்டை வெளியே விடப் பல மையங்கள் நம்பியிருக்கும் குளிர்கோபுரங்களில்தான் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. கணக்குக் கேட்க வேண்டியது அங்கேதான். ஜொகூர் ஆற்றிலோ 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, ஆயிரம் கேலனுக்கு 3 சென் வீதம், 2061 வரைக்கும்.