பஞ்சுக் குச்சியில் ஒளிந்த பெண்

சுண்ணக்கட்டி பிடித்த கை அடுத்துத் தொடும் ஏட்டிலெல்லாம் வெண்சுவடு பதிப்பது ஆசிரியர்க்குப் பழகிய காட்சி. மரபணுத் தடய ஆய்வின் வரலாற்றைப் பயிலுங்கால் எனக்கு அச்சுவடே நினைவில் எழுகின்றது.

1984ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் என்னும் அறிஞர், டி.என்.ஏ.வின் வரிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைக் கண்டறிந்தார். அந்நாளில் இச்சோதனைக்குக் கண்ணுக்குப் புலனாகும் குருதிக் கறையேனும் வேண்டியிருந்தது. அமெரிக்கரான கேரி முல்லிஸ் 1983இல் கண்ட பெருக்கு முறையே பின்னர் அக்குறையைத் தீர்த்தது. அம்முறையில் சுற்றுக்கு ஒருமுறை டி.என்.ஏ. இரட்டிக்கும். 28 சுற்று என்பது வழக்கம். 1999இல் பிரிட்டனின் தடய அறிவியல் பணியகம் அதனை 34ஆக உயர்த்தியது. ஆறு சுற்றுத்தானே என எண்ணிவிடலாகாது. இரட்டிப்புக் கணக்கில் அஃது 64 மடங்கு! மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ 6 பிக்கோகிராம். ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே ஒரு பிக்கோகிராம். விரல்பட்ட இடத்தில் உதிர்ந்த சில உயிரணுக்களே இனிச் சான்று கூறும் என்றாயிற்று.

ஆயின், யாருடைய விரல்?

2007 ஏப்ரல் 25ஆம் நாள், ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் இளம் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த காவலர் படுகாயமுற்றார். அவர்களுடைய காரில் துடைத்தெடுத்த தடயத்தில் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. அதே பெண்ணின் குறி, 1993இல் கொலையுண்ட மூதாட்டியின் வீட்டுக் கோப்பையிலும் இருந்தது. காட்டில் கிடந்த போதை ஊசியிலும், கடித்து எறிந்த பிசுகோத்திலும் இருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு எனும் மூன்று நாடுகளில் ஏறத்தாழ நாற்பது இடங்களில் அவள் ‘தோன்றினாள்’. அவளைப் பற்றித் துப்புத் தருவோர்க்கு 3,00,000 யூரோ பரிசு அறிவிக்கப்பட்டது. கொலை நிகழ்ந்த திடலின் அருகே தங்கியிருந்த ரோமா, சிந்தி மக்கள்மீதும் ஐயம் படர்ந்தது.

2009 மார்ச்சில் முடிச்சு அவிழ்ந்தது. எரிந்த சடலம் ஒன்றை அடையாளங்காண, புகலிடம் நாடிய ஓர் ஆடவரின் விண்ணப்பத்திலிருந்த விரல்ரேகையைச் சோதித்தனர். அங்கும் அதே பெண்! ஆடவரின் ரேகையில் பெண்ணின் டி.என்.ஏ. எங்ஙனம் வந்தது? தடயம் துடைக்கும் பஞ்சுக் குச்சியைக் கையாண்ட தொழிலாளி ஒருவரின் உயிரணுக்களே அவை. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதாம். ஆயின் கிருமியைக் கொல்லும் முறை டி.என்.ஏ.வை அழிப்பதில்லை. பாவம், அத்தொழிலாளி செய்த குற்றந்தான் யாது?

இவ்வாபத்தை முன்னரே ஒரு நீதிமன்றம் உணர்த்தியிருந்தது. 1998இல் வட அயர்லாந்தின் ஓமா நகரில் 29 உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்பு வழக்கில், 34 சுற்றுச் சோதனையும் சான்றாக வைக்கப்பட்டது. தடயங்கள் காக்கப்பட்ட முறையைக் கடுமையாகச் சாடிய நீதிபதி வியர், 2007 டிசம்பரில் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தார். அடுத்த ஆண்டு பேராசிரியர் பிரையன் கேடி தலைமையில் நடந்த ஆய்வோ, சோதனையின் அறிவியல் அடிப்படை உறுதியானதே என்றது. இரண்டும் முரண் அல்ல என்பதே என் கருத்து. கருவி பொய் கூறவில்லை; அதன்முன் வைக்கப்பட்டதைத்தான் அது கூறியது.

தடயப் பொருள்களில் மனித டி.என்.ஏ. கலவாதிருக்க வேண்டிய அனைத்துலகத் தரம் 2016இல் வெளிவந்தது. ஹைல்பிரான் காவலர்களின் துப்பாக்கிகளோ 2011 நவம்பரில், நவநாசிக் கும்பலைச் சேர்ந்த இரு ஆடவர் மாண்டுகிடந்த வண்டியில் கண்டெடுக்கப்பட்டன.