ஒரு சொட்டும் ஒரு கண்ணாடித் துண்டும்



உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "டீச்சர், டி.எல்.சி.யைக் கண்டுபிடித்தது எகான் ஸ்டால் என்று ஒரு புத்தகத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்றில் வேறு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எது சரி?" நாலு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. வேதியியல் படிக்காத உறவுகளும் பயப்படாமல் படிக்கலாம். சமன்பாடு ஒன்றும் கிடையாது. கடைசியில் வேர்க்கடலையும் பசும்பாலும் வருகின்றன.

டி.எல்.சி. என்பது மெல்லடுக்கு வண்ணப்பிரிகை. என் வகுப்பில் இருந்தவர்களுக்குச் சாக்பீஸ் சோதனை நினைவிருக்கும். சாக்பீஸின் அடிப்பக்கம் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதை நிறுத்தி வைப்போம். தண்ணீர் மேலே ஏற ஏற, கறுப்பு நீலமாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பிரியும். சாக்பீஸ் தூள் ஒவ்வொரு சாயத்தையும் ஒவ்வோர் அளவுக்குப் பிடித்து வைக்கிறது. பிடி தளர்ந்த சாயம் தண்ணீரோடு மேலே ஓடிவிடும், பிடிபட்டது பின்தங்கும். டி.எல்.சி.யும் அவ்வளவுதான். சாக்பீஸுக்குப் பதில் கண்ணாடித் தகட்டின் மேல் சிலிக்கா ஜெல் பூச்சு. தண்ணீருக்குப் பதில், பிரிக்க வேண்டிய பொருளுக்கு ஏற்ற கரைப்பான். பொருள் போன தூரத்தைக் கரைப்பான் போன தூரத்தால் வகுத்தால் வருவது ஆர்.எஃப். மதிப்பு.

தூளை வைத்துப் பிரிக்கலாம் என்பதை முதலில் காட்டியவர் ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். 1903இல் வார்சா நகரில் இதைப் பற்றிப் பேசினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து, இலைச்சாற்றை மேலே ஊற்றி, கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தால், பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனிப் பட்டைகள் இறங்கும். 1906இல் அதற்குக் குரோமேட்டோகிராபி என்று பெயரும் வைத்தார். ரஷ்ய மொழியில் ஸ்வெத் என்றாலே நிறம் என்று அர்த்தம்! ஆனால் குழாயை அடைத்து, ஊற்றி, காத்திருந்து முடிப்பது நாள் கணக்கான வேலை.

இனி 1938. இடம் கார்கிவ், இன்றைய உக்ரைனில் இருக்கிறது, அன்று சோவியத் நாடு. நிகொலாய் இஸ்மாயிலோவ், மரியா ஷ்ரைபர் என்ற இருவருக்கும் முன்னால் இருந்த பிரச்சினை, மருந்துக்கடைக்குப் போகும் மூலிகை டிங்சர்கள். சாராயத்தில் ஊறிய மூலிகைச் சாறு எல்லாமே பார்வைக்குப் பழுப்பு நிறம்தான். இது சொன்ன மூலிகைதானா, தரம் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்வெத்தின் குழாயை அடைத்துக்கொண்டிருக்க முடியுமா?

அவர்கள் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். குழாயையே விட்டுவிட்டார்கள். அலுமினா போன்ற தூளைத் தண்ணீரில் குழைத்து, மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் ஏறக்குறைய 2 மி.மீ. கனத்துக்குப் பரப்பிக் காயவிட்டார்கள். நடுவில் டிங்சர் ஒரே ஒரு சொட்டு, அதன் மேல் கரைப்பான் சொட்டுகள். கலவை வட்ட வட்டமாக விரிந்தது. புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் ஒவ்வொரு வளையமும் ஒரு நிறத்தில் ஒளிர்ந்தது. நல்ல டிங்சரின் வளையங்களோடு ஒப்பிட்டால் போதும், சில நிமிடங்களில் பதில் கிடைத்துவிடும். அந்த ஆண்டே சோவியத் மருந்தியல் இதழ் ஒன்றில் எழுதினார்கள்.

உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுரை ரஷ்ய மொழியில் இருந்தது. 1941இல் ஜெர்மன் படை கார்கிவைப் பிடித்தது. 1944இல் இங்கிலாந்தில் காகித வண்ணப்பிரிகை வந்து, எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். வடிதாள் எந்த ஆய்வகத்திலும் இருக்கும், தூளைக் குழைத்துப் பூச எவருக்குப் பொறுமை? இன்னொரு குறையும் இருந்தது. அந்தத் தூளில் பசை கிடையாது. தகட்டைச் சாய்த்தாலே உதிர்ந்துவிடும்.

பசையைச் சேர்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1949இல் மைன்ஹார்டும் ஹாலும் தூளோடு ஸ்டார்ச் கலந்தார்கள். கலிஃபோர்னியாவின் பசடீனாவில் அரசு வேளாண்துறை ஆய்வகத்தில் இருந்த கிர்ச்னர், ஆரஞ்சு வகைப் பழங்களின் மணத்துக்குக் காரணமான எண்ணெய்ப் பொருள்களைப் பிரிக்கத் தவித்துக்கொண்டிருந்தார். காகிதம் அவருக்குச் சரிப்படவில்லை. 1951இல் சிலிக்கா வகைத் தூளையும் ஸ்டார்ச்சையும் கலந்து, அரை அங்குல அகலக் கண்ணாடிப் பட்டையில் பூசி, மூடிய ஜாடிக்குள் நிமிர்த்தி வைத்தார். கரைப்பான் கீழிருந்து ஏறியது. நாம் இன்று செய்வது இதேதான். நிறமில்லாத பொருளைப் பார்க்க அடர் அமிலம் தெளித்துச் சூடாக்கிக் கருக்கினார். காகிதத்தில் இதைச் செய்து பாருங்கள், காகிதமே கருகிப்போகும்!

அப்புறமும் பரவவில்லை. என்னைக் கேட்டால், கதையின் முக்கியமான இடம் இதுதான். ஆளுக்கொரு தூள், ஆளுக்கொரு பக்குவம், ஆளுக்கொரு கனம். ஓர் ஆய்வகத்தில் கிடைத்த ஆர்.எஃப். மதிப்பு பக்கத்து ஆய்வகத்தில் வராது. வராத எண்ணை வைத்து யார் எதை முடிவு செய்வது?

மூலிகை மருந்துகளை ஆராய்ந்த ஜெர்மானியர் எகான் ஸ்டால் இதைப் பிடித்துக்கொண்டார். 1956இல் அவர் எழுதிய கட்டுரையையும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1958இல் இரண்டு ஏற்பாடு செய்தார். மெர்க் நிறுவனம் ஒரே அளவான நுண்துகள்களாகச் சிலிக்கா ஜெல்லை டப்பாவில் விற்றது, பசையாக ஜிப்சம் சேர்த்து. டப்பாவில் இருக்கும் 'ஜி' எழுத்து ஜிப்சத்தைத்தான் குறிக்கிறது. டெசாகா நிறுவனம் அந்தக் குழைவை 0.25 மி.மீ. கனத்தில் சீராகப் பூசும் கருவியை விற்றது. தோசைக்கல்லில் மாவு இழுக்கிற மாதிரி ஒரே இழுப்புதான். 1962இல் இதற்கென்று ஒரு பெரிய கைநூலும் கொண்டுவந்தார். நாலைந்து ஆண்டுகளில் டி.எல்.சி. இல்லாத ஆய்வகம் இல்லை என்றாகிவிட்டது.

ஆகவே அம்மா, உன் இரண்டு புத்தகமும் ஒருவகையில் சரி. முதலில் செய்தவர்கள் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி வேலை செய்யவைத்தவர் ஸ்டால். ஸ்டால் பெயரை மட்டும் போடும் புத்தகங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, அவர் வேலை சின்னது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

நல்ல வேளை, அது 1958லாவது வந்தது. 1960இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. நோய் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றார்கள். தேடிப் போனால், பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு, அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை, அது கக்கிய நஞ்சு. காகித வண்ணப்பிரிகையில் நீலமாக ஒளிரும் ஒரே புள்ளிதான் தெரிந்தது. மெல்லடுக்கில் ஓட்டியபோது அது நான்காகப் பிரிந்தது. புற ஊதா விளக்கில் இரண்டு நீலம், இரண்டு பச்சை. பி1, பி2, ஜி1, ஜி2 என்று நாம் இன்று சொல்லும் அஃப்ளடாக்சின் பெயர்கள் அந்தத் தகட்டில் இருந்து வந்தவை: நீலத்துக்கு ஆங்கிலச் சொல்லின் 'பி', பச்சைக்கு 'ஜி', எண்கள் தகட்டில் அவை நின்ற வரிசைக்கு. நான்கில் கொடியது பி1, கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

வான்கோழியோடு முடியவில்லை. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, மஞ்சள் காமாலை போல வந்து, 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம் அதே அஃப்ளடாக்சின். அந்த வீடுகளில் சாப்பிட வேறு தானியம் இல்லை.

மாடு பூஞ்சை பிடித்த புண்ணாக்கைத் தின்றால், பி1 அதன் உடம்பில் மாறி எம்1 ஆகப் பாலில் வருகிறது. இந்தியாவில் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம், அதில் பாதி. இவ்வளவு நுணுக்கத்துக்கு இப்போது பெரிய கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் நிறைய மாதிரிகளை ஒரே தகட்டில் பக்கம் பக்கமாக வைத்து, எது சந்தேகத்துக்குரியது என்று குறைந்த செலவில் பிரித்துவிட டி.எல்.சி. இன்றும் உதவுகிறது.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கடலை உடைக்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை படிந்தது, கசப்பது எதுவானாலும் தூர எறியுங்கள். வறுத்தாலும் அவித்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. மாட்டுக்குப் போடலாமே என்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.